தம்பி சாப்பிட்ட ஊர்கள்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு என்று நினைவு. சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் டைப்பிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட் அலுவலகம் அது. மாடியில் ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் புகை, மூடினால் புழுக்கம். ஆனால் என் மேஜையில் இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வேலையை நான் விடாமல் வைத்திருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதற்கு என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். எண்ணூரில் தொழிற்சாலை வேலையில் இருந்த அப்பா, ஓய்வு பெறுவதற்குள் அவனை அங்கேயே சேர்த்துவிட வேண்டும் என்று பார்க்காத ஆளில்லை. கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. இன்டர்வியூ அன்று தம்பி போகவில்லை. துறைமுகங்களில் கிரேன் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டேன், ஊர் ஊராகப் போகிற வேலை, அதுதான் பிடித்திருக்கிறது என்றான். அப்பா அவனைத் தெருவில் வைத்து, நாலு பேர் பார்க்க அடித்துவிட்டார். "இனிமே என் மூஞ்சில முயிக்காத" என்றார். மறுநாள் காலை ஒரு பையோடு கிளம்பிப் போனான்.

கொஞ்ச காலம் அப்பா இல்லாத நேரம் பார்த்துப் போன் செய்வான். பிறகு வீட்டுக்காரர் நாங்கள் குடியிருந்த கல்மண்டபம் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்ல, நாங்கள் திருவொற்றியூருக்குக் குடிமாறினோம். போன் நம்பர் மாறியது. அதே சமயத்தில் அவன் செல்போன் நம்பரும் வேலை செய்யாமல் போனது. கம்பெனியின் பெயரை அவன் சொன்னதில்லை. புது நம்பரை அவனுக்குச் சொல்ல எங்களுக்கு வழியில்லை, எங்களைப் பிடிக்க அவனுக்கும் வழியில்லை. நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்ததுகூட அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் எங்கள் முதலாளி விசாகப்பட்டினம் கிளம்பினார். "அங்க துறைமுகத்துக்குப் பக்கத்துல நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்னு பாத்து வைம்மா" என்றார். பயணம் போகிறவர்களுக்கும் ஓட்டல் தேடுகிறவர்களுக்குமான ஒரு வெப்சைட்டை அதற்காகத்தான் முதலில் திறந்தேன். அருமையான வெப்சைட் அது. ஊர், அந்த ஊரில் எந்தப் பகுதி, என்ன பண்டம் என்று மூன்றையும் போட்டுத் தேடலாம். சாப்பிட்டவர்கள் எழுதியது வரும். எழுதியவர் பெயரைத் தட்டினால், அவர் இதுவரை எந்தெந்த ஊரில் என்னென்ன சாப்பிட்டு என்னென்ன எழுதினார் என்று வரிசையாக வந்து நிற்கும்.

விசாகப்பட்டினம், துறைமுகம், மீன் குழம்பு என்று போட்டேன். ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். புளி சரியாக இருக்கிறது, ஆனால் சங்கரா மீன் குழம்பில் மாங்காய் இல்லை. ராயபுரத்தில் என் அம்மா மாங்காய் போட்டு, இறக்குகிற நேரத்தில் பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடுவார், அந்த வாசனை வேறு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை என்று.

எழுதியவர் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தம்பியைக் கூப்பிடும் செல்லப் பெயர். அந்தப் பெயரைத் தட்டினேன். கொச்சி, மங்களூர், ஒரிசாவில் பாராதீப், குஜராத்தில் காண்ட்லா என்று தம்பி சாப்பிட்ட ஊர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்றே தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னதும் அவர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "எம்புள்ள எய்தினது தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "பூண்டைத் தோலோட நசுக்கிப் போடுவாங்கன்னு எழுதியிருக்காம்மா" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, அழத்தான் செய்தார்.

அந்த வெப்சைட்டில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்தி அனுப்ப முடியாது. நடத்துகிறவர்களுக்கு எழுதிப் பார்த்தேன். உறுப்பினர் விவரம் தர இயலாது என்று பதில் வந்தது. அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. "வுடு, தொந்தரவு பண்ணாத. நாம பாக்குறோம்னு தெரிஞ்சா எய்தாம பூட்டான்னா? தானா வரட்டும்" என்றார்.

அதிலிருந்து தினமும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேட்பார்: "இன்னிக்கு எங்க துன்னான்?" பல நாள் புதிதாக எதுவும் எழுதியிருக்கமாட்டான். ஆனாலும் பழையதில் ஒன்றைத் தமிழில் சொல்லுவேன். ஒரு கடையில் கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை என்று குறை எழுதியிருந்தால், "சின்னப் புள்ளயிலயே அப்டித்தான்" என்று சிரிப்பார். வயிறு சரியில்லை, கடைக்காரர் தயிர் கொடுத்தார் என்று ஒரு தடவை எழுதியிருந்தான். அந்தக் கடைக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா மாதா கோயிலுக்கும் போனார், வடிவுடையம்மன் கோயிலுக்கும் போனார்.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவேயில்லை. பாராதீப்பில் எழுதியது. இன்று தீபாவளி, எல்லாக் கடையும் மூடிக் கிடக்கிறது, லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்றுதான் திறந்திருந்தது, பருப்பு நன்றாக இருந்தது, பக்கத்து மேஜைக்காரர் போனில் தன் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார், அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நானும் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தான். அதை அலுவலகத்தில் நான் மட்டும் படித்துக்கொள்வேன்.

அப்பா இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை அந்த வெப்சைட்டைத் திறந்தால் எல்லாமே மாறியிருந்தது. பெரிய பெரிய படங்கள், நட்சத்திர ஓட்டல்கள், அறை பதிவு செய்யுங்கள் என்று கண்ணைப் பறிக்கும் விளம்பரங்கள். பகுதி போட்டுத் தேடும் கட்டம் இல்லை. பண்டம் போட்டுத் தேடும் கட்டம் இல்லை. எழுதியவர் பெயரைத் தட்டினால் ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் எழுத்தாகக் கிடந்தது. ஏதோ கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். பம்பாயிலிருந்து ஒரு பையன் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். "அதை அதிகம் பேர் பயன்படுத்தவில்லை மேடம், அதனால் எடுத்துவிட்டோம். புதிய வடிவம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டான். அந்த ஒரு கட்டத்தில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை இருந்தான் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொரு ஊராகத் திறந்து, ஒவ்வொரு கடையாகப் பார்த்தேன். பழையதில் பாதி இல்லை. மற்ற தேடுதளங்களில் அவன் பெயரைப் போட்டால், அது பல வீடுகளில் வைக்கிற செல்லப் பெயர் என்பதால், உலகத்தில் உள்ள எல்லாக் குழந்தைகளும் வந்தன. அவன் மட்டும் வரவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "அந்த கம்பெனிக்காரனுக்கும் அம்மான்னு ஒருத்தி இருப்பா இல்ல?" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். நான் வந்து செருப்பைக் கழற்றுவேன். வீடு சத்தமில்லாமல் இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இன்னாம்மா, இப்பல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டேன்ற. பையன் எங்க கீறான்?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நான் திரும்பினேன். "காண்ட்லால ரொட்டிதான் கெடைக்குதுன்னு சொன்னியே. அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனான்?" என்றார். எல்லாவற்றையும் வரிசையாக மனசில் வைத்திருந்திருக்கிறார். வெப்சைட் மாறிய விஷயத்தைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

அதை அம்மாவிடம் சொன்னபோதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "நீ அவனத் தேடுற. அவன் நம்மளத் தேடமாட்டானா? தேடினா எங்க வந்து பாப்பான்?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. சுற்றிச் சுற்றி யோசித்ததில், புது வெப்சைட்டிலும் ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு ஊரின் பக்கத்தைத் திறந்தால் அந்த ஊரில் புதிதாக எழுதியவை அடியில் வரும். கடையின் போன் நம்பரும் வரும். சொந்த நம்பரை எழுதினால் நீக்கிவிடுவார்கள். நான் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், அது போய்விட்டது. கடை நம்பரை நீக்கமாட்டார்கள்.

காசிமேட்டுக்குப் போகிற வழியில் தம்பிக்குப் பிடித்த மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. தகரக் கூரை, நாலு பெஞ்சு. கடைக்காரம்மாவிடம் போய், உங்கள் கடையைப் பற்றி கம்ப்யூட்டரில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? வர்ற ஜனத்துக்கே மீனு பத்தல" என்றார். விஷயத்தைச் சொன்னேன். என் அலுவலகம் இருக்கும் இடத்தையும் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு வருமே, அந்தப் புள்ளயா? போட்டுக்க, என் நம்பரப் போட்டுக்க. யார்னா பண்ணாலும் நா பேசிக்கிறேன்."

எழுத உட்கார்ந்தபோது அம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். "அப்பா இப்பல்லாம் கத்தறதில்லன்னு எய்து" என்றார்.

"சாப்பாட்டுக் கடையப் பத்தி எழுதற இடத்துல அதெல்லாம் போடமுடியாதும்மா."

"அப்ப மீனப் பத்தியே எய்து. அவனுக்குப் புரியும்."

அப்படியே எழுதினேன். மாங்காய் போட்ட சங்கரா குழம்பு பிரமாதம், கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூருக்குக் குடிமாறிய பிறகும் என் அம்மாவும் அப்பாவும் அடிக்கடி இங்கே வருகிறார்கள், கடைக்காரம்மாவுக்கு எங்களை நன்றாகத் தெரியும் என்று.

மாதங்கள் ஓடின. கடைக்காரம்மாவுக்குப் போன்கள் வந்துகொண்டுதான் இருந்தன. "ஏசி கீதான்னு கேக்குறான்மா ஒருத்தன். மேல கூரையே ஓட்டையா கீதுன்னு சொன்னேன்" என்பார். நான் சிரித்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் மதியம், கடையில் கூட்டம் நிற்கிற நேரம், எங்கள் அலுவலக மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. கடைக்காரம்மா. கையெல்லாம் மசாலா. காதில் செல்போன். "அதான் நைனா, காத்து இப்டி அடிச்சா போட்டுங்க எப்டி கடலுக்குப் போவும், நீயே சொல்லு" என்று பேசிக்கொண்டே வந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "உன் தம்பிதான். மாங்கா போட்ட சங்கரா கீதான்னு கேட்டுது. பூத்துலருந்து பேசுது, வச்சிட்டா மறுபடி வருமோ வராதோன்னு பேச்சுக் குட்துகினே வந்தேன். பேசு" என்றார். இலையில் உட்கார்ந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, லாரி நெரிசலுக்கு நடுவில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

போனை வாங்கினேன். "நான்தான்டா" என்றேன். அவன் கேட்டான், "யக்கா, அம்மா கீதா?"

உயிரோடு இருக்கிறார்களா என்பதைத்தான் அப்படிக் கேட்டான். "கீறாங்கடா. ரெண்டு பேருமே கீறாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவன் அழுததுதான் கேட்டது.

அவன் சொல்லித்தான் தெரிந்தது. அவனும் அதே வெப்சைட்டில் ராயபுரம் என்று போட்டு, யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பானாம். "கல்மண்டபம்னு ஒரு வார்த்த வந்தாக்கூட போதும்க்கா, படிச்சிட்டுப் போய்ப் படுத்துக்குவேன். அதையும் எடுத்துட்டானுங்க" என்றான். பகுதி போட்டுத் தேட முடியாமல் போனதால், சென்னைக்கான பக்கம் முழுவதையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான்.

அந்தப் பொங்கலுக்கு வந்தான். அப்பா விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து, யாரையும் தொடவிடாமல் அவரே உட்கார்ந்து செதில் எடுத்தார். தம்பி வாசலில் வந்து நின்றபோது, "வா, கை கால் கய்விகினு வா" என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது அவனுக்குக் கல்யாணமாகி, குஜராத் பக்கம் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. "நல்லா கீறேன்க்கா, அம்மா கிட்ட குடு" என்பான். அம்மாவிடமும் அதையேதான் சொல்வான். வெயில் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று இரண்டு கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அதில் குறையில்லை. அந்தக் குரலுக்காக நாங்கள் ஏங்கிய காலத்தை மறக்கவில்லை.

ஆனால் எனக்கு இன்னொரு ஏக்கம் தங்கிவிட்டது. அந்தப் பழைய எழுத்துகள் எதுவும் இப்போது எங்கும் இல்லை. அந்த வெப்சைட்டும் கைமாறி வேறு ஏதோவாகிவிட்டது. பாராதீப்பில் ஒரு தீபாவளி அன்று நீ எழுதினாயே என்று அவனிடம் ஒரு தடவை கேட்டேன். "நானா? ஞாபகமே இல்லியேக்கா" என்று சிரித்தான். யார் படிக்கிறார்கள் என்றே தெரியாமல், ஒரு கடையின் பருப்பைப் பற்றிச் சொல்வதுபோலத் தன் மனசைத் திறந்து வைத்த அந்தப் பையன் எங்களோடு போனில் பேசுவதில்லை. தம்பி கிடைத்துவிட்டான், ஆனாலும் அவனை நான் இன்னும் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.