அம்மாவின் ஒரே தம்பி

யுத்தம் வந்தாலும் வந்தது, ராசிபுரத்தில் நூல் கிடைக்காமல் போயிற்று. எங்கள் வீட்டுத் தறிகள் வாரத்தில் பாதி நாள் சும்மா கிடந்தன. என் அப்பாவுக்கு வேலை இல்லாவிட்டால் யோசனை வரும். அவருக்கு யோசனை வந்தால் வீட்டில் யாராவது ஒருவருக்குக் கஷ்டம் வரும். அந்தத் தடவை மாட்டிக்கொண்டவர் என் புருஷன்.

"மாப்ளே, சோலாப்பூர் மில்லுல நம்ம சனம் நெறைய இருக்கறாங்க. நீயும் போய்ச் சேந்துக்க. புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

புள்ள என்பது நான். கல்யாணச் சேலையின் மடிப்புக்கூட அப்போது கலையவில்லை. பம்பாய்ப் பக்கம் சோலாப்பூர் போனவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, மாரியம்மன் பண்டிகைக்கு வருவார்கள். சில பேர் அதற்கும் வரமாட்டார்கள்.

என் புருஷன் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் என் அம்மாவின் ஒரே தம்பி. எங்களில் அக்கா பெண்ணைத் தம்பி கட்டுவது முறைதான். தாய் தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்துவிட்டு அக்கா வீட்டில் வளர்ந்தவர். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்ததாகச் சொல்லிக்கொள்வார். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். தாலி கட்டிய பிறகும் மாமா என்றுதான் கூப்பிட்டேன். அப்பாவுக்கு மச்சினனும் மாப்பிள்ளை, மருமகனும் மாப்பிள்ளை. அந்தக் கல்யாணத்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டி வரவில்லை.

மாமா எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். எங்கள் தெருவில் அது பெரிய சங்கதி. ரேஷன் ஆபீசுக்குக் குமாஸ்தா எடுக்கிறார்கள், பரீட்சை உண்டு என்று கேள்விப்பட்டு வந்தார். அப்பா கொஞ்சம் இறங்கினார்.

"எழுதிப் பாரு. தேறுனா இரு. தேறாட்டிச் சோலாப்பூரு."

சேலத்தில் பழைய பேப்பர் கடையில் ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்கி வந்தார். முழுக்க இங்கிலீஷ். நான் அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது. ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே நான் கேள்வி வாசிக்க, தறிக்குழியில் உட்கார்ந்து மாமா பதில் சொல்வார். நைல் நதியை நான் 'நிலெ' என்று வாசித்தேன். அப்படி ஒரு ஆறு கிடையாது என்று அவர் சாதித்தார். அதிலேயே ஒரு மத்தியானம் போயிற்று.

புத்தகமும் ரொம்பப் பழசு. இங்கிலாந்து ராஜா யார் என்ற கேள்விக்கு அது சொன்ன ராஜா எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். அவர் மகன் பட்டத்துக்கு வந்து, ஒரு பெண்ணைக் கட்டுவதில் தகராறாகி, பட்டத்தையே விட்டுவிட்டுப் போயிருந்தார். மாமா இதை விளக்கிச் சொன்னபோது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, அந்தப் பையனுக்கு அக்கா பொண்ணு ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

மலை, ஆறு, ராஜா எல்லாம் மாமாவுக்குச் சுலபமாக வந்தன. வில்லங்கம் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. அது புத்தியைச் சோதிக்கும் கேள்விகள். ஒரு பெண் ஒரு போட்டோவைக் காட்டி, 'இவர் என் அம்மாவுடன் பிறந்த ஒரே ஆண்' என்கிறாள். அவர் அவளுக்கு என்ன உறவு?

"புருஷன்" என்றார் மாமா, கொஞ்சமும் யோசிக்காமல்.

பின்பக்கத்து விடையைப் பார்த்தேன். அங்கிள் என்று போட்டிருந்தது.

"அதெப்படி? சித்தப்பனும் அங்கிள், பெரியப்பனும் அங்கிள், மாமனும் அங்கிளா? கட்டிக்கறவனும் கட்டிக்கக் கூடாதவனும் ஒண்ணா? இதைப் போட்டவனுக்குப் புத்தி இருக்குதா?"

"அவனுக்கு இல்லாட்டிப் போகுதுங்க. நீங்க அங்கிள்னு எழுதுங்க."

சோறு போடும்போது கேட்டேன், தண்ணீர் சேந்தும்போது கேட்டேன். "அம்மாவோட தம்பி?" என்பேன். வேண்டா வெறுப்பாக "அங்கிள்" என்பார். பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுவிட்டு, அங்கிளுன்னா என்ன வியாதி என்று அம்மாவிடம் விசாரித்தாள்.

பரீட்சைக்குச் சேலம் போய்விட்டுப் பொழுது சாய வந்தார். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் வந்ததால் முகமெல்லாம் கரி. மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்களாம். பஸ் கதையை அவர் நீட்டிக்கொண்டே போனதில் எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அந்தக் கேள்வி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"என்ன எழுதுனீங்க?"

"அங்கிள்னுதான் எழுதுனேன்." முகத்துக் கரியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "பக்கத்துல, 'கல்யாணம் ஆயிருந்தா ஹஸ்பெண்டு'ன்னும் எழுதுனேன். பொய் எழுத மனசு வல்லே" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தட்டை வைத்தேன், சோற்றைப் போட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. கொல்லைப் பக்கம் போய் அழுதேன். உண்மை பேசுகிற மனுஷன் சோலாப்பூரில் போய் யாரிடம் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

ஆனால் சேலத்துக்கு நேரில் வரச்சொல்லித் தபால் வந்தது. கோட்டை மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். கலெக்டர் கச்சேரி வாசலில் ஒரு புளியமரத்தடியில் என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே நடந்ததைத் திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு துரையும் ஒரு தமிழ் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்களாம். துரை கேட்டாராம், உன்னை வளர்த்தது யார் என்று.

"என் அக்கா புருஷன்."

"உனக்குப் பெண் கொடுத்தது?"

"அவர்தான்."

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியானால் உன் மனைவி?"

"என் அக்கா மகள். எனக்கு உரிமை உண்டு."

துரையின் முகம் சிவந்துபோயிற்றாம். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தாராம். நாளைக்கு உனக்கு ஒரு மகன் பிறந்தால் அவன் உன் அக்காவுக்கு யார் என்று கேட்டாராம். மகள் வழியில் பேரன், தம்பி வழியில் மருமகன், எப்படிக் கூப்பிடுவது என்பதை அக்காதான் முடிவு செய்வாள் என்று இவர் சொல்ல, துரை அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டாராம்.

அப்போதுதான் தமிழ் அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு துரையிடம் இங்கிலீஷில் சொன்னார்: இந்த ஜில்லாவில் ஒரே ஆளை இரண்டு உறவாகச் சொல்லி இரண்டு பங்கு சர்க்கரை வாங்கிவிடுவார்கள். அங்கிள் என்று மட்டும் எழுதுகிற குமாஸ்தாக்களால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஆள் கண்டுபிடிப்பான். துரை தலையை ஆட்டினார். மாமா எழுந்தபோது அதிகாரி தணிந்த குரலில் தமிழில், "தம்பி, எங்க வீட்லயும் அக்கா மகதான். துரைகிட்டச் சொல்லிடாதே" என்றாராம்.

வேலை கிடைத்தது. அப்பா சோலாப்பூர்ப் பேச்சை விட்டுவிட்டார். எனக்கு ராசிபுரத்துத் தெருவே அழகாகத் தெரிந்தது.

முதல் வேலையே ரேஷன் கார்டுக்காக வீட்டுக்கு வீடு போய் ஆள் எண்ணுவது. எங்கள் தெருவும் அவர் பங்கில் விழுந்தது. கோட்டு போட்டுக்கொண்டு, கையில் பென்சிலுடன், கூடவே தலையாரியுடன் எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்று, "ஊட்டுல யாரார் இருக்கறீங்க?" என்று என் அம்மாவைக் கேட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"நானு, உன்ற மச்சான், பொண்ணு, மருமகன், அப்பறம் என்ற தம்பி" என்றாள் அம்மா.

பென்சில் நின்றது. "அக்கா, மருமகனும் தம்பியும் நாந்தானே?"

"அது நமக்குத் தெரியும். சர்க்காருக்கு எதுக்குச் சாமி தெரியோணும்? சக்கரை ரெண்டாளுக்கு வரட்டும்."

"முடியாதுக்கா. ஒண்ணுதான். எதை எழுதட்டும்?"

அம்மாவுக்கு வருத்தம்தான். இருந்தாலும் யோசித்தாள். "அப்படீன்னாத் தம்பின்னே எழுதிக்க. தம்பிதான் மொதல்ல வந்தவன்."

அவரும் எழுதக் குனிந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, ராட்டையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். தலையாரி நிற்கிறான், தெரு நிற்கிறது என்றெல்லாம் பார்க்கவில்லை.

"என்ற புருஷன்னு எழுதுங்க மாமா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு அதைத்தானே எழுதுனேன். அதுக்கு ஒரு வாரம் பேசலையே நீ" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.