ஏரிக்குக் கீழே இரண்டு கூட்டம்

ஜெயம் வாத்து மேய்ப்பவர். கணவர் இறந்தபின் வளவனூர்ப் பக்கத்து வயல்களில் தனியாகவே ஒரு கூட்டத்தை வைத்துக் காலம் தள்ளினார். தம்பி தேவநாதனுக்கும் ஒரு கூட்டம் உண்டு. அதற்கு முதல் குஞ்சுகளைக் கொடுத்ததே ஜெயம்தான்.

அறுத்த வயலில் உதிர்ந்து கிடக்கும் நெல்லும் நத்தையும்தான் வாத்துக்குத் தீனி. முதல் மேய்ச்சலில் வாத்து தலை நிமிராது. மேய்ந்த வயலிலேயே மறுபடி இறக்கினால் தலையைத் தூக்கிக்கொண்டு கத்தும். அப்படிக் கத்தும் கூட்டம் முதலில் முட்டையை நிறுத்தும், பிறகு இறகை உதிர்க்கும், பிறகு சாகும். ஏரி நிறைந்த ஆண்டில் குஞ்சு சேர்ப்பதும் வறண்ட ஆண்டில் அறுப்புக்கு முன்பே கூட்டத்தைக் குறைப்பதும் அதனால்தான்.

2003இல் ஏரி நிறையவில்லை. மதகை ஒட்டிய வயல்களில் மட்டுமே நெல் நின்றது. அக்காளும் தம்பியும் கரையில் நின்று பார்த்தார்கள்.

“ரெண்டு கூட்டத்துக்கும் இது பத்தாதுடா,” என்றார் ஜெயம். “ஆளுக்குப் பாதிய வித்துடலாம். மீதியாச்சும் திண்டிவனம் பக்கம் சித்திரை அறுப்பு வரைக்கும் உசுரோட கெடக்கும்.”

“நானே சொல்லலாம்னு இருந்தேன்க்கா. உன் வாத்துங்கனா உன்ன மாதிரி அளவாத் துன்னும். என்னுதுங்க என் பொண்டாட்டி மாதிரி.”

ஜெயம் சிரித்துவிட்டார். முட்டையிட்டுக்கொண்டிருந்த வாத்துகளில் பாதியை அந்த வாரமே வானூர் வியாபாரி ஒருவரிடம் விற்றார்.

கிழக்கு வயல்கள் ஜெயத்துக்கு, மேற்கு தேவநாதனுக்கு என்று பேச்சு. அறுப்பு முடிந்து இறக்கிய அன்று, தன் கூட்டத்தைத் திருப்ப ஜெயம் வழக்கம்போல் குரல் கொடுத்தார். அவருடைய வாத்துகள் திரும்பின. வரப்புக்கு அந்தப் பக்கம் மேய்ந்த தேவநாதனின் கூட்டத்திலிருந்தும் ஒரு பெரிய கும்பல் பிரிந்து அவரை நோக்கி ஓடிவந்தது. ஒன்றைத் தூக்கிக் காலைப் பார்த்தார். விரல்களுக்கிடையே உள்ள தோலில் அவர் போட்ட வெட்டு அடையாளம் இருந்தது.

“இதெல்லாம் நான் வித்ததுடா.”

“வியாபாரிகிட்ட வாங்குனேன். நீ வித்த, நான் வாங்கிக்கினேன். இதுல இன்னாக்கா இருக்குது?”

“உன்னுதுல பாதிய வித்தியா?”

தேவநாதன் கோலை எடுத்துக்கொண்டு வாத்துகளைத் தன் பக்கம் ஓட்டினான்.

அதன்பின் கிழக்கும் மேற்கும் இல்லை. ஜெயம் பட்டியைத் திறப்பதற்குள் அவன் கூட்டம் அவர் வயல்களில் இறங்கியிருக்கும். பங்குனிவரை வரவேண்டிய தீனி மாசி பாதியிலேயே தீர்ந்தது. தீர்ந்த மறுநாளே அவன் வாத்துகளை லாரியில் ஏற்றினான். பொங்கலுக்கு முன்பே ஆந்திராவில் வயல் பேசிவைத்திருந்தான் என்பதை லாரி டிரைவர் சொல்லித்தான் ஜெயம் அறிந்தார்.

அவருடைய கூட்டம் முட்டையை நிறுத்தியது. காலையில் பட்டிக்குள் இறகு குவிந்து கிடந்தது. வாய்க்கால் சேற்றைக் கிளறி நத்தை பொறுக்கிப் போட்டும் பயனில்லை. சித்திரை அறுப்பு வந்தபோது ஓட்டிச்செல்லக் கூட்டம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஜெயம் வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனார்.

இரண்டு ஆண்டு கழித்து ஏரி நிறைந்தது. ஜெயம் வேலைக்குப் போகக் காத்திருந்த பஸ் நிறுத்தத்துக்கே தேவநாதன் வந்தான்.

“ஏரி ரொம்பிக்கினு இருக்குதுக்கா. குஞ்சு நான் தர்றேன். சேந்தே மேய்க்கலாம், வா.”

“வயலு எம்மாம் தாங்கும்னு தெரியாம பண்ணியிருந்தா வந்திருப்பேன்டா,” என்றார் ஜெயம். “உனக்குத் தெரியும்.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.