ஜப்பான் தம்பிக்கு ஓர் அர்ச்சனை

தைல வாசமும் ரப்பர் பால் வாடையும்... இரண்டும் கலந்து வந்தால் அது என் அண்ணன் சேகர்தான்.

காலையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பார். சாயந்திரம் திடலில் பந்து உதைப்பார். தொண்ணூறுகளில், ரெம்பாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அவரை விரட்டிப் பிடிக்க ஆள் கிடையாது. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

அண்ணனுக்கு டிவியில் வரும் ஒரு ஜப்பான் ஆட்டக்காரர் மேல் பைத்தியம். அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாது. அதனால் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அவர் 'ஜப்பான் தம்பி'. அவர் ஆட்டம் வந்தால் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் செருப்பு கிடக்கும்.

அந்த வருஷம் மாநிலக் குழுத் தேர்வுக்கு அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு. அதற்கு முந்தின வாரம் சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தோடு ஓர் ஆட்டம். அதில் அண்ணனின் முட்டி போய்விட்டது...

அடிபட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக் கிடந்தார். ஒருநாள் செய்தியில் ஜப்பான் தம்பியைத் திடலிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கும் முட்டி. தன் காலுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அண்ணன், அன்று அழுதார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா" என்றார் பூசாரி.

"சேகரு, திருவாதிரை. இன்னொரு அர்ச்சனையும் இருக்குங்கய்யா. ஜப்பான் தம்பிக்கு."

பூசாரி அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "அவருக்கு என்ன நட்சத்திரம்?"

"அது யாருக்குங்க தெரியும்? எம்மவன் நட்சத்திரத்தையே சொல்லிருங்க. ரெண்டு பேருக்கும் முட்டிதானே லா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார், கன்னமெல்லாம் கண்ணீர். என் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

ஜப்பான் தம்பி மறுபடியும் ஆட வந்தார். அண்ணன் வரவில்லை. லாரி ஓட்டினார், இப்போது செண்டாயானில் ஒரு ஃபேக்டரியில் செக்யூரிட்டி.

அந்த ஆட்டக்காரர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. இப்போது போனைத் திறந்தால் அவர்தான். தலை நரைத்து, சின்னப் பிள்ளைகளோடு பந்து உதைக்கிறார். உலகமே லைக் போடுகிறது. அன்று ஒரு டிவிக்கு லயமே கூடியது... இன்று ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை.

போன தீபாவளிக்கு அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"முட்டி நல்லாயிருச்சா இவனுக்கு?"

"எப்பவோ ஆயிருச்சும்மா. எப்படி ஓடுறாரு பாருங்க."

அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு, காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"உன் நட்சத்திரத்துல கேட்டதுதான்டா சேகரு. ஆத்தா அவனுக்குக் குடுத்துட்டா."

தைல வாசம் அதேதான்... ரப்பர் பால் வாடைதான் இல்லை.

அண்ணன் போனை வாங்கி ஒரு லைக் போட்டார். வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார்.

"இருக்கட்டும்மா. ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் ஓடுறான்ல."