மாமாவின் வாட்சில் இருந்த பழுப்புத் தூள்

ஊதுவதற்கு முன் ஒன்றரை வயதுக் குழந்தை எவ்வளவு மூச்சை உள்ளே இழுக்கும்? இரண்டு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் பாத்திரம் கழுவுகிறேன், துணி மடிக்கிறேன். மகள் தூங்கும்போது அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

பழைய வாட்சுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஓடவைப்பது என் பொழுதுபோக்கு. பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, கணவர் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தின் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, தொடங்கி முடிக்கக்கூடிய ஒரு காரியம் எனக்கு வேண்டியிருந்தது. வீடியோக்கள் பார்த்தேன். சின்ன ஸ்க்ரூடிரைவர்கள், முனை கூரான இடுக்கி, கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் எல்லாம் வாங்கினேன். என் அப்பாவின் வாட்ச் ஓடியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமா, என் கணவரின் அப்பா, தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"காதுகுத்துக்குள்ள ஓட வச்சிருவியாம்மா? பிள்ளைய நாந்தான் தூக்கிட்டு நிப்பேன். போட்டோல கையில இது இருக்கணும்."

மகளுக்குத் திருவதிகைக் கோயிலில் காதுகுத்து. மாமா தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். முப்பது வருஷம் மைன்ஸில் ஷிப்ட் பார்த்தவர். அந்த முப்பது வருஷமும் இந்த வாட்ச் அவர் கையில் இருந்தது. அவருடைய பெரியப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது.

பின்மூடியைத் திறந்த அன்று எனக்குக் குமட்டியது. ஸ்ட்ராப் மாட்டும் இடுக்கிலும் மூடியின் விளிம்பிலும் கறுப்பாக, பிசுக்காக ஒன்று அப்பியிருந்தது. வேர்வை, செத்த தோல், தேங்காயெண்ணெய், சுரங்கத் தூசி எல்லாம் சேர்ந்து இறுகியது. பல்குத்தும் குச்சியால் நெம்பினால் சுருள் சுருளாக வந்தது. நாள்பட்ட ஈர பெல்ட்டின் நாற்றம். மாமனாரின் உடம்பிலிருந்து உதிர்ந்ததை, சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து நான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐய... காதுல எடுத்த அழுக்காட்டம் இருக்குது. சோறு துன்ற எடத்துல வச்சிக்கினு என்னாம்மா இது? புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தா உங்க மாமா வாணாம்னா சொல்லப்போறாரு?"

"இது அந்தக் காலத்து வாட்சுக்கா. இப்ப கிடைக்காது."

"அழுக்கும் அந்தக் காலத்துதான். அதையும் ஒரு டப்பால போட்டு உங்க மாமா கையில குடுத்துடு."

சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க மகளை அந்த மேஜைப் பக்கமே விடவில்லை. சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிய பிறகுதான் அவளைத் தூக்கினேன்.

மறுநாள் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். எண்களின் மேலும் முட்களின் நடுவிலும் பழுப்பாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. இடுக்கி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு அருவருப்பே வரவில்லை. எங்கள் ஊரில் வெட்டுவது பழுப்பு நிலக்கரி; பழுப்பாக எது உதிர்ந்தாலும் அது அந்தத் தூள்தான். ஜன்னல் கட்டையிலும், ஷிப்ட் முடிந்து வரும் கணவரின் காதோரத்திலும் தினமும் பார்க்கிற நிறம். மைன்ஸுக்குப் போன வாட்சில் மைன்ஸ் தூள் இருப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜன்னல் கட்டையில் செய்வதையே இங்கும் செய்தேன். வாயால் ஊதினேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளும் உதட்டைக் குவித்து ஊதினாள். அன்றுவரை அவளுக்கு ஊத வராது. முதல் பிறந்தநாள் மெழுகுவத்தியைக்கூட நான்தான் அணைத்தேன்.

"ஐ! குட்டி ஊதுறா! இன்னொரு தடவ ஊது!"

இன்னொரு தடவை ஊதினாள். மூன்றாவது தடவையைப் போனில் வீடியோ எடுத்தேன். பிறகு டயலை ஈரப் பஞ்சால் துடைத்தேன். மேஜையை அக்கா துடைத்தார்.

மாலையில், பழைய வாட்ச் பிரியர்களின் குழு ஒன்றில் படங்களைப் பெருமையாகப் போட்டேன். ஒருவர் எழுதினார்: அது அழுக்கு இல்லை, இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பெயின்ட். அந்தக் காலத்து வாட்சுகளில் கதிர்வீச்சுள்ள நிஜ ரேடியம் கலந்திருப்பார்கள்; மூச்சில் உள்ளே போனால் உடம்பிலேயே தங்கிவிடும். சுரண்டக் கூடாது, ஊதவே கூடாது. டயலில் ஆறு மணிக்குக் கீழே ஆங்கில 'T' எழுத்து இருந்தால் ரேடியமாக இருக்காது, அதைவிடத் தீங்கு குறைந்த வேறொன்று. பார்த்துச் சொல்லுங்கள்.

பார்த்தேன். ஆறு மணிக்குக் கீழே வெறும் வெள்ளைதான் இருந்தது. அங்கே இருந்த சின்ன எழுத்துகளை ஈரப் பஞ்சால் நானே துடைத்தெடுத்திருந்தேன். பிரிப்பதற்கு முன் எடுத்த படத்தில் அந்த இடத்தில் கண்ணாடிக் கீறல்தான் தெரிகிறது. வாட்சைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். ஒளிரவில்லை. நிம்மதியோடு அதையும் எழுதினேன். வருஷங்கள் ஆனால் ஒளிர்வது நின்றுவிடும், ரேடியம் போகாது என்று பதில் வந்தது.

குழந்தை மருத்துவரிடம் போனேன். "குழந்தை நல்லா இருக்கா. இதுக்கு இங்க டெஸ்ட் எதுவும் இல்லைம்மா. அத வீட்ல வைக்காதீங்க" என்றார். கணவர், "நெட்ல படிச்சிப் படிச்சிப் பயப்படாத" என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எனக்கு என் மேலேயே குமட்டுகிறது. தோல் அழுக்குக்கு மூன்று முறை கை கழுவியவள், அந்தத் தூளை மகளின் முகத்துக்கு நேராகப் பறக்கவிட்டு, இன்னொரு தடவை ஊதச் சொல்லியிருக்கிறேன். அந்த வீடியோவை அழிக்க முடியவில்லை. ஊதுவதற்கு முன் அவள் இழுத்த மூச்சைக் கேட்கப் பார்க்கிறேன். என் குரல்தான் கேட்கிறது.

வாட்சைத் திரும்பப் பூட்டி, ஊறுகாய்ப் பாட்டிலில் அடைத்து, ஸ்கூட்டர் ஷெட்டின் பரணில் வைத்திருக்கிறேன். ஸ்ப்ரிங் வரவேண்டும் என்று மாமாவிடம் பொய் சொன்னேன். ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தேன். "மாமா, அதுல பூசியிருக்கிற பெயின்ட் உடம்புக்கு ஆகாதாம்."

"மைன்ஸ்ல நான் தின்னாத தூசியா? முப்பது வருஷம் கையில கட்டி ரெண்டு பிள்ளைய வளத்துருக்கேன். போ, பயந்தாங்கொள்ளி."

அவர் கட்டியிருந்தபோது அது மூடியிருந்தது மாமா, திறந்தது நான்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் மடியில் மகள் உட்கார்ந்து அவர் கைக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். காது குத்தும்போதும் அழுதுகொண்டு அந்த மணிக்கட்டைத்தான் கடிப்பாள்.

காதுகுத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. "ஸ்ப்ரிங் வந்துச்சாம்மா?" என்று இன்று காலையும் கேட்டார். இதைப் படிப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பயப்படாதே என்பதானாலும் காரணத்தோடு எழுதுங்கள். இப்படிப்பட்ட ஒன்றை யாரிடம் ஒப்படைப்பது? அந்த மேஜையைத் துடைத்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? டயலையும் முட்களையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றிவிட்டால், அந்த வாட்சை மாமாவின் கையில் கட்டி, அதே கையில் என் மகளைக் கொடுக்கலாமா?