சொல்தா வீட்டுக்கு இரண்டு படி

எழுபதுகளின் இறுதியில் காரைக்காலில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓர் அரிசி அறை நடத்தினோம். படிப்பகத்தின் பின்பக்கம் இரண்டு தகர டின்களும் ஒரு படியும்தான் அறை. வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை போய் வாங்கி வருவோம். புதன்கிழமை காலை வரிசையில் நிற்பவர்களுக்குக் குடும்பத்துக்கு இரண்டு படி. நடவு முடிந்த மழை மாதங்களில் நெடுங்காட்டுக் கூலிக்காரர்களும், ஆண்கள் கடலுக்குப் போக முடியாத கோட்டுச்சேரிமேட்டுப் பெண்களும் வருவார்கள்.

சொல்தா வீடுகளுக்கு மட்டும் அரிசி கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் சொல்தா என்போம். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும் வீட்டில் பசி இருக்காது என்று யாரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம்.

எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு வீடு. சொல்தா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்த அம்மாள் எப்போதும் சன்ன அரிசி தருவார். ஐப்பசியில் அது ரேஷன் அரிசியாக மாறியது, அளவும் குறைந்தது. இரண்டையும் கவனித்தேன். காரணம் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை அவர் மடித்த துணிப்பையுடன் வரிசையில் நின்றார். அரிசி தரத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து போய், "இன்னைக்குக் கொடுக்கிற நாளும்மா. வாங்குறது சனிக்கிழமை. நீங்க ஏன் அலையிறீங்க, நாங்களே வீட்டுக்கு வர்றோம்" என்றேன். "சரி தம்பி" என்று போய்விட்டார். சனிக்கிழமை போனேன். ஒரு பிடி அரிசி தந்தார். வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தபால்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த அம்மாள் தினமும் வாசலில் நின்று கடிதம் வந்ததா என்று கேட்கிறாராம். கோயிலில் நடந்த கல்யாணத்தை அந்தக் காலத்தில் நகராட்சியில் பதியவில்லை. அதனால் விதவை பென்ஷன் இன்னும் வரவில்லை.

அன்றே நாலு படி அரிசியோடு போனேன். அவர் பையைத் தொடவில்லை.

"வரிசையில நின்னேன் தம்பி. நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்க."

தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். நாலு பேர் பார்க்க அவர் வர வேண்டாம், வாரா வாரம் நானே கொண்டு வருகிறேன் என்றும் சொன்னேன்.

"நீங்க ஒளிச்சுக் கொண்டாந்தா உங்ககிட்ட கை நீட்டுன மாதிரி ஆயிடும். அங்க வந்தா எல்லாரையும் மாதிரி வாங்கிக்குவேன். புதன்கிழமை வர்றேன்."

பின்னால் நின்ற மூத்த பெண் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசியைத் திரும்ப எடுத்து வந்தேன். புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அங்கே உலை வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. இடையில் எங்கள் ஆட்களைக் கூட்டிப் பேசினேன். ஒரு சொல்தா வீட்டுக்குக் கொடுத்தால் எல்லா வீடும் வரும் என்றார் ஒருவர். வந்தால் கொடுப்போம் என்றேன்.

புதன்கிழமை அவர் வந்தார். முன்னால் நின்ற கோட்டுச்சேரிமேட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, "சொல்தா வூட்டம்மாவே வந்துட்டாங்க. இனிமே நாமதான் பிரான்சுக்குப் போயி நிக்கணும்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மாளும் லேசாகச் சிரித்தார். இடம் மாறி நிற்கவில்லை.

அவர் முறை வந்தது. தலை தட்டி இரண்டு படி அளந்தேன். கூடுதலாக விழுகிறதா என்று பின்னால் நின்றவர்கள் என் கையைப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.