ஆறு பூச்சுக்கு அடியில்

அரிசோனாவின் அந்தப் பாலைவன வீட்டுவண்டி முகாமில் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, கால் இரண்டும் வெளியே தெரிந்தால் போதும். அக்கம்பக்கத்தாருக்கு அது அழைப்பு மாதிரி. மடக்கு நாற்காலி ஒரு கையில், காப்பிக் குவளை ஒரு கையில் என்று வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஏழு நாற்காலி வந்துவிட்டது. வெளியே தெரிந்தவை ஆர்லிஸின் கால்கள்.

மேலே ஓட்டுநர் இருக்கையில் அவளுடைய அண்ணன் டெல்மர் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் செய்த வீட்டுவண்டி அது, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே. குளிர்காலம் முழுக்க டெல்மருக்கு அதுதான் வீடு. ஏப்ரலில் மின்னசோட்டாவுக்குத் திரும்பினாலும் பாதி நாள் அதில்தான் தூங்குவார். இந்த வருஷம் இடது கண் மங்கிவிட்டது. ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை ஆயிரத்துத் தொள்ளாயிரம் மைல் ஓட்டிப் போகத்தான் தங்கை வந்திருந்தாள். வியாழக்கிழமை நெடுஞ்சாலையில் பன்னிரண்டு மைல் ஓட்டிப் பார்த்தாள். ஒரு லாரி கடந்தபோது வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தாள்.

"இது வண்டி இல்ல, டெல்மர். காத்துல போற அட்டைப்பெட்டி. சரியாச்சுன்னா ஓட்டறேன். ஆகலேன்னா அந்த முடிவெட்டறவர்கிட்டயே குடுத்துடு."

ராமிரோ என்ற அந்த முடிதிருத்துபவர் சனிக்கிழமை நண்பகலில் வண்டியை வாங்க வருவதாக இருந்தார். சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சாலையோரத்தில் கடையாக நிறுத்தப்போகிறாராம். நல்ல மனிதர். ஆனால் சக்கரம் இல்லாத அந்த வண்டியை டெல்மரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்லிஸ் தூங்கி எழுவதற்குள் பக்கத்து வண்டி லானி உதவிக்கு வந்துவிட்டார். டெக்ஸாஸ்காரர். ஸ்டியரிங் பாக்ஸ் என்ற பற்சக்கரப் பெட்டியின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. ஸ்டியரிங் சும்மா சுற்றும் ஆட்டம் இருந்தால் அதை முறுக்கு என்பது முகாமில் எல்லாரும் செய்வதுதான். அவரும் முறுக்கினார். ஸ்டியரிங் நடுவில் பிடித்துக்கொண்டது. வளைவில் திருப்பினால் தானாக நேராகத் திரும்பவில்லை. ஆட்டமும் போகவில்லை.

"நான் முறுக்கினது போதல. இன்னும் அரைச் சுத்து குடுத்திருக்கணும்" என்றார் லானி இப்போது, நாற்காலியிலிருந்து.

வண்டிக்கு அடியிலிருந்து ஆர்லிஸின் குரல் வந்தது. "லானி, எத்தனை சுத்து முறுக்கினீங்க?"

"முக்கால்."

"எழுதி வெச்சீங்களா?"

"இதையெல்லாம் யாரும்மா எழுதுவா?"

"என் அண்ணன் எழுதுவார்."

சிரிப்பு கிளம்பியது. டெல்மரின் காதெல்லாம் சிவந்தது. முதல் வேலையாக ஆர்லிஸ் அந்த முக்கால் சுற்றைத் திருப்பிவிட்டாள். சந்தேகத்தைத் தீர்க்கும் முன் எதையும் முறுக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு அவளுக்குச் சும்மா வந்ததில்லை. பதினான்கு வயதில் பீட்கிழங்கு லாரி ஓட்டினாள். இருபத்திரண்டில் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் சேர்ந்தாள். அங்கே முதல் பெண் மெக்கானிக் அவள்தான். முதல் வாரம் அவளுக்குக் கொடுத்த வேலை தரை கூட்டுவது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து வெளியே வந்தபோது, ஸ்டியரிங் கெட்டுப் பாதை விலகிய பேருந்து ஒன்றுகூட அவள் காலத்தில் இல்லை. கேட்டவர்களிடம் டெல்மர் இதைச் சொல்வார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்வார்.

"டெல்மர், இப்ப ஆட்டு. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். சக்கரம் திரும்ப வேணாம்."

ஆட்டினார். ஸ்டியரிங் விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பில் முன்பே அளந்திருந்தார்: ஐந்தே கால் அங்குலம் சும்மா சுற்றியது.

"பாக்ஸிலேர்ந்து வர்ற கை உடனே அசையுது. பாக்ஸ் நல்லாருக்கு." டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. "நீள ராடு அசையுது. அதுவும் நல்லாருக்கு. நிறுத்தாத, ஆட்டிக்கிட்டே இரு."

நாற்காலிகள் முன்னே நகர்ந்தன. யாரும் காப்பி குடிக்கவில்லை.

"அட, இங்கதான்டா நீ இருக்கியா!"

டெல்மர் எழுந்தே விட்டார். "யாரு? எது?"

"உட்காரு, ஆட்டு! நடுவுல ஒரு கை இருக்கில்ல, இரும்புப் பின்னுல சுத்தற கை. அது சுத்தறதுக்கு முன்னாடி சாயுது. ஆடற பல்லு மாதிரி சாஞ்சிட்டு அப்புறமா சுத்துது. உள்ள பின்னைச் சுத்தி இருக்கற வெண்கலக் குழாய், புஷ், தேஞ்சு போச்சு."

கடப்பாரையை வைத்து ஒரு நெம்பு நெம்பினாள். டொக். ஏழு நாற்காலிக்கும் கேட்டது. லானி தொப்பியைக் கழற்றினார்.

"ஆனா புஷ் எப்படித் தேயும்?" டெல்மர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிச்சிருக்கேன். நோட்டுல தேதி இருக்கு. பத்தொம்பது தடவை!"

"வந்து படுத்துப் பாரு."

படுத்தார். முழங்கால் முனகியது. ஆர்லிஸ் டார்ச்சைக் காட்டினாள். வண்டியின் அடிப்பகுதி முழுக்கப் பளபளவென்று கறுப்பு. துரு பிடிக்கக்கூடாது என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் டெல்மர் தன் கையால் அடித்த பெயின்ட், வருஷத்துக்கு ஒன்றாக ஆறு பூச்சு. முகாமில் இதுபோல் அடிவயிறு பளபளக்கும் வண்டி வேறு கிடையாது. பார்க்க வருபவர்களைக் குனியச் சொல்லிக் காட்டுவார். அந்தக் கையின் மேல் ஒரு சின்னக் கறுப்பு மொட்டு இருந்தது. ஆர்லிஸ் கத்தி முனையால் சுரண்டினாள். பெயின்ட் ஓடாகக் கழன்று வந்தது. அடியில் கிரீஸ் உள்ளே போகிற நிப்பிள், வாய் பெயின்டால் அடைத்து.

"கிரீஸ் வெளிய வந்துதே! ஒவ்வொரு தடவையும் துடைச்சேனே!"

"உள்ள போயிருந்தா கையோட மேலயும் கீழயும் வளையமா வந்திருக்கும். நீ துடைச்சது கிரீஸ் கன் வாயிலேயே பிதுங்கினது."

டெல்மர் அந்தப் பெயின்ட் ஓட்டை விரலால் எடுத்துப் பார்த்தார். தான் அருமையாகப் பார்த்துக்கொண்டதே வண்டியை அரித்திருக்கிறது.

ஆர்லிஸ் அவர் தோளை இடித்தாள். "மூஞ்சியத் தொங்கப் போடாத. துரு ஒரு பொட்டு இல்ல பாரு. போல்ட் எல்லாம் வெண்ணெய் மாதிரி கழலுது. இதே என் பஸ்ஸா இருந்தா வெட்டித்தான் எடுத்திருப்பேன். மணி என்ன?"

"எட்டு ஐம்பத்திரண்டு."

"லானி! உங்க டிரெயிலர்ல உலோகம் கடையற குட்டி லேத் வெச்சிருக்கீங்கன்னு அலட்டிக்கிட்டீங்களே, அது ஓடுமா, இல்ல சும்மா அழகுக்கா?"

லானி ஓடிய ஓட்டத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

கை கழன்றது, பழைய புஷ் இரண்டும் வெளியே வந்தன. ஒரு பக்கம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தன. அந்த இரும்புப் பின் மட்டும் தேயாமல் தப்பித்திருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் மின்னியது. ஆர்லிஸ் மூன்று இடத்தில் அளந்து சொல்ல, டெல்மர் எழுதி, லானியிடம் கொண்டு ஓடினார். வெண்கலக் கம்பியிலிருந்து இரண்டு புஷ் பிறந்தன. முதலாவது சற்று இறுக்கம். "இன்னும் ஒரு மயிரிழை கடையணும்" என்றாள். லானி முணுமுணுக்காமல் திரும்பப் போனார். அதுவே முகாமில் ஒரு அதிசயம். யாரோ இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்தார்கள். கிரீஸ் கையோடு எல்லாரும் தின்றார்கள்.

பதினொன்றே முக்காலுக்குக் கை மாட்டியாகிவிட்டது. புது நிப்பிள். டெல்மர்தான் கிரீஸ் கன்னை அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது அழுத்தலில் மேலே ஒரு வளையம் எழுந்தது, கீழே இன்னொன்று.

"வந்துடுச்சு! ஆர்லிஸ், ரெண்டு பக்கமும்!"

"துடைக்காத. கொஞ்ச நேரம் கண்ணால பாரு."

ராமிரோவின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தபோது ஆர்லிஸ் எஞ்சினைக் கிளப்பியிருந்தாள். ஜன்னல் வழியே கத்தினாள்: "பதினஞ்சு நிமிஷம், ராமிரோ! நாற்காலி இருக்கு, ரொட்டி இருக்கு!"

நெடுஞ்சாலை. நாற்பது மைல் வேகம், ஐம்பது, ஐம்பத்தைந்து. டெல்மர் நல்ல கண்ணை வெள்ளைக் கோட்டில் வைத்திருந்தார். பின்னால் ஒரு பெரிய லாரி நெருங்கியது. அவர் கை தானாகக் கதவுப் பிடியைப் பற்றியது. லாரி கடந்தது, காற்று அறைந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, கோட்டை விடாமல் நேராகப் போனது.

ஆர்லிஸ் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, மேசையில் வைத்திருந்த மிச்ச ரொட்டிக்காகப் பின்னால் நீட்டினாள்.

"ஓட்டறியா, திங்கறியா?" டெல்மர் கத்தினார். சத்தம் அவருக்கே சிரிப்பாக இருந்தது.

"ரெண்டும். ராமிரோவுக்கு வேற வண்டி பாத்துக் குடுக்கணும், ஞாபகம் வெச்சுக்கோ. செவ்வாய்க்கிழமை கிளம்பறோம்."

டெல்மர் நோட்டை எடுத்தார். தேதி போட்டார். பெயின்ட் அடிக்கும் முன் நிப்பிள்களுக்கு டேப் ஒட்டவும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். வண்டி அசங்கவே இல்லை. கோடு இரண்டும் நேராக விழுந்தன.