அடைப்புக்குறிக்குள் ரஹீமா

போன மாதம் ஷெரின் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்முனையில் ஒரு நிறுவனத்துக்குக் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிற பிள்ளை. சுனாமி வீட்டுத் திட்டத்தில் யாருக்கு வீடு என்பதை இனி அடையாள அட்டை இலக்கத்தை அடித்தே பார்த்துவிடலாமாம். ஜாவாஸ்கிரிப்டில் செய்திருக்கிறார்கள். அதில் வருகிற ஆங்கில வாக்கியங்களை, மொழிபெயர்ப்பு வேலை செய்கிற நான் தமிழாக்கித் தர வேண்டும்.

"எல்லா மொழிக்கும் ஒரே அச்சு சேர். உலகம் முழுக்க இப்படித்தான் செய்யிற. நெளிவு அடைப்புக்குள்ள இரிக்கிறத மட்டும் தொடாதீங்க" என்றாள்.

ஏன் தொடக்கூடாது? அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

ஃபைலைத் திறந்தால்... வாக்கியம் இருக்கிறது, ஆள் இல்லை! வீடு ஒதுக்கப்பட்டுள்ளது என்கிறார்கள். யாருக்கு? அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஆங்கிலத்தில் 'பெயர்' என்று மட்டும். வேறோர் இடத்தில் பிள்ளை ஒன்று என்றால் ஒரு வாக்கியம், பல என்றால் இன்னொன்று. ஒரு குடும்பத்துக்கு எதற்கு இரண்டு கதை?

சுனாமிக்குப் பிறகு நாங்கள் எத்தனை படிவங்களில் கையெழுத்து வைத்தோம்! "பேரைப் பிறகு போடுறம்" என்பார்கள். பிறகு பார்த்தால் நம் கையெழுத்துக்கு மேலே எவனோ ஒருவனின் பேர். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் — வெறுமையாகக் கிடக்கும் இடத்தை நிரப்பாமல் எந்தக் கடதாசியையும் கைவிட்டுக் கொடுக்க மாட்டோம். யுத்தமே முடிந்துவிட்டது. அந்தப் பழக்கம் முடியவில்லை.

இலக்கத்தை அடிக்கிறவரின் பேரை மெஷின் தானாகப் போட்டுக்கொள்ளும் என்று ஷெரின் சொன்னாள்தான். நம்புவதற்கு நான் என்ன பச்சைப் பிள்ளையா? எவனோ போடத்தானே போகிறான், அது ஒரு நியாயமான பேராக இருக்கட்டும் என்று நானே போட்டேன்.

ரஹீமா. எங்கள் பின் வளவில், பலகைக் கொட்டிலில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறவள். என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுவாள். புருஷனையும் வீட்டையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. மனு மேல் மனு போட்டுக் காத்திருக்கிறாள். முழுப் பேரையும் எழுதிக் கொடுத்தேன். ஷெரினோ என்னை நம்பி அப்படியே ஏற்றிவிட்டாள்.

கல்முனைக்குடியில் ஒரு கொம்பியூட்டரை வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். வீடு கிடைத்த ஒருவர் தன் இலக்கத்தை அடித்தார். ரஹீமாவுக்கு வீடு ஒதுக்கப்பட்டுள்ளது என்று வந்தது. அடுத்தவர் அடித்தார். அதே ரஹீமா. நாலு பேர் அடித்தும் ரஹீமாதான்! தங்களுக்கு வீடில்லை என்று நாலு பேரும் முகம் செத்துத் திரும்பினார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் ரஹீமாவிடம் ஓடிவிட்டது.

அசர் தொழுகைக்குப் பிறகு ரஹீமா ஒரு தட்டில் வட்டிலப்பம் கொண்டு வந்தாள். பிள்ளைகள் இரண்டும் பெருநாள் உடுப்பில்.

"மெய்யா காக்கா? கொம்பியூட்டர்ல என்ட பேரு வந்திரிக்காம்!"

"அது... நான் எழுதின பேரு, ரஹீமா" என்றேன்.

அவள் தட்டைத் திருப்பி எடுக்கவில்லை. "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே ஷெரினும் நானுமாக எல்லாவற்றையும் திருத்தினோம். அந்த நாலு பேர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். வெறும் இடத்தில் எவனோ பேர் எழுதிவிடுவான் என்று இத்தனை வருடம் பயந்தேனே... அந்த எவனோ நானேதான். இந்த முறை அடைப்புக்குறிகளைத் தொடாமல் விட்டேன். நம்புவதற்கும் பழக வேண்டியிருக்கிறது.

போன வெள்ளி ஷெரின் போனில் கோல் எடுத்தாள். புதிய வீட்டுப் பட்டியல் ஏறியிருக்கிறதாம். ரஹீமாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவளே தன் இலக்கத்தை அடித்தாள். திரையில் அவள் பேர்! வீடு ஒதுக்கப்பட்டுள்ளது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரஹீமா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"முதல்ல உங்கட நம்பர அடிங்க காக்கா... அதுக்கும் ரஹீமாதான் வருதா பார்ப்பம்."